நம்ம பக்கம் அருவி எங்கண்ணே இருக்கு?

கேள்வி: அண்ணே வணக்கம். எனக்கு பரமக்குடி. போன்ல ஒரு வீடியோ பாத்தேன், ஹவாய்ல கவாய்னு ஒரு தீவாம், கடலை ஒட்டி காட்டுக்குள்ள நடந்து போறாங்க, போற வழியெல்லாம் கீழ கடல் தெரியுது, கடைசியில ஹனகாபியாய்னு பெரிய அருவி. காலையில கிளம்பி சாயங்காலம் திரும்பிடுறாங்க. நம்ம ராமநாதபுரம் கடற்கரையில இப்படி ஒரு நாள் நடை எங்கயாச்சும் இருக்கா? கூட்டாளிங்க நாலு பேர் இருக்கோம்.

பதில்: தம்பி, உள்ளதை முதல்லயே சொல்லிடுறேன், அருவி கிடையாது. அருவிக்கு மலை வேணும். அந்த கவாய் எரிமலையில உண்டான தீவு, கடலோரத்துலயே மலை செங்குத்தா நிக்குது, கடல்காத்து அதுல முட்டி மேல ஏறி மழையா கொட்டுது, உலகத்துலயே அதிகமா மழை பெய்ற இடங்கள்ல ஒண்ணு அந்தத் தீவுக்கு நடுவுலதான் இருக்கு. நமக்கு வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம்தான், அதுலயும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டி வந்துட்டுப் போயிரும். தரையும் தாம்பாளம் மாதிரி கிடக்கு. ஆனா நடைக்கு நம்ம கரையில குறைச்சலே இல்ல. அந்த ஹனகாபியாய் நடை போயிட்டு வர கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர், நான் சொல்லப்போறது 9.5 கிலோமீட்டர், ஒரு பக்கம் மட்டும் நடந்தா போதும், திரும்ப பஸ் இருக்கு.

ராமேஸ்வரத்துல இருந்து வெள்ளன கிளம்பி முகுந்தராயர் சத்திரத்துல இறங்கிடுங்க. அங்கிருந்து தனுஷ்கோடி 5 கிலோமீட்டர், அதுக்கு மேல நிலம் முடியுற அரிச்சல்முனை 4.5. 2017ல தார் ரோடு திறந்ததுல இருந்து எல்லாரும் வேன்ல போயி முனையில இறங்கி ரெண்டு போட்டோ எடுத்துட்டு அரை மணி நேரத்துல திரும்பிடுறாங்க, எனக்கு அது பெரிய வருத்தம் தம்பி, ஏன்னா அந்த இடத்தோட அருமை எல்லாம் அந்த ஒம்பது கிலோமீட்டர்லதான் இருக்கு. ரோட்டை விட்டு மணல்ல இறங்கி நடங்க. ஒரு பக்கம் பாக் நீரிணை, அதை பெண்கடல்னு சொல்லுவாங்க, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். ஆனா வருஷம் பூரா அப்படியே இருக்கும்னு நெனைக்காதீங்க, கச்சான்ங்கற தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசங்கள்ல மன்னார் பக்கம் கொந்தளிக்கும், வாடைங்கற வடகிழக்குக் காத்து அடிக்கிறப்ப பெண்கடலே முரட்டுத்தனமா மாறிடும்.

காடுன்னு கேட்டீங்க. ராமேஸ்வரம் தீவுக்குள்ள உடங்காடு இருக்கு, குடை பிடிச்ச மாதிரி தலை தட்டையா நிக்கிற உடைமரம், நம்ம ராமநாதபுரம் தூத்துக்குடி பக்கம் நிறைய இருக்கற மரம், முள் இருக்கும், நிழலும் இருக்கும். தனுஷ்கோடி வழியில வனத்துறை வச்ச சவுக்கு. அதைத் தாண்டினா மரமே கிடையாது, மணல்ல படர்ற அடும்பங்கொடியும் ராவணன் மீசைங்கற முள்ளுப்புல்லும்தான். இந்த ரெண்டையும் தயவுசெஞ்சு மிதிக்காதீங்க, மணலைப் பிடிச்சு வச்சிருக்கறதே அதுங்கதான், அது போச்சுன்னா மேடு போயிரும், மேடு போச்சுன்னா கடல் உள்ள வந்துரும். ராவணன் மீசையோட காய் உருண்டையா முள்ளுமுள்ளா இருக்கும், காஞ்சதும் காத்துல மணல் மேல உருண்டு ஓடிக்கிட்டே விதையைப் போட்டுட்டுப் போகும், அதை ஒரு தடவை உக்காந்து பாருங்க.

இப்ப தண்ணிக்கு வர்றேன். நான் ஒரு தடவை சித்திரை மாசம் பத்து மணிக்கு மேல ஒரே ஒரு லிட்டர் தண்ணியை எடுத்துக்கிட்டு நடக்க ஆரம்பிச்சு தனுஷ்கோடிக்கு முன்னாடியே தலை சுத்தி உக்காந்துட்டேன். மீன்காரம்மா ஒருத்தர்தான் அவங்க குடிசை நிழலுக்கு கூட்டிட்டுப் போயி தண்ணி குடுத்தாங்க. எங்க இருந்தும்மா இந்தத் தண்ணின்னு கேட்டா பின்னாடி கூட்டிட்டுப் போயி காமிச்சாங்க, மணல்ல கையால தோண்டின ஒரு ஊத்து, ரெண்டு மூணு அடி ஆழம் இருக்கும், அடியில கண்ணாடி மாதிரி நல்ல தண்ணி. ரெண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவுல குடிதண்ணி! மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி, உப்புத்தண்ணியை விட கனம் கம்மிங்கறதால அது மேல மிதந்து நிக்குது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆழமா தோண்டினா உப்பு ஏறிடும், அதனால அந்த மக்கள் கொஞ்சமா தோண்டி கொஞ்சமா மொண்டு எடுக்கறாங்க. அருவி பாக்கணும்னு வந்தவனுக்கு காட்ட எங்கிட்ட இருக்கறது இந்த ஊத்துதான் தம்பி. பாருங்க, ஆனா கை கால் கழுவாதீங்க, அது ஒரு குடும்பத்தோட குடிதண்ணி. நேரம் இருந்தா தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தையும் பாத்துட்டு வாங்க, அங்க கிணறே கடலுக்குள்ள இருக்கு, தண்ணி உப்பில்லாம இருக்கும்.

தனுஷ்கோடியில சர்ச் சுவரு, ரயில்வே கட்டடம் எல்லாம் இடிஞ்சு நிக்கும். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயிலே கடலோட போச்சு, அதுல இருந்தவங்க யாரும் பிழைக்கல. அதனால அந்தச் சுவத்து மேல ஏறி நின்னு போட்டோ வேணாம், ஜாலி சத்தமும் வேணாம்.

தை மாசி வாக்குல போனா கழியில, அதான் கரையோரம் தேங்கி நிக்கிற கடல்தண்ணியில, பூநாரை நிக்கும். 2025 ஜூன்ல அந்த இடத்தை பூநாரை சரணாலயமா அறிவிச்சிருக்காங்க, தூரத்துல இருந்தே பாருங்க, கிட்ட போனா மொத்தக் கூட்டமும் எந்திரிச்சிரும், அதுங்க இரை தேடுற நேரம் வீணாயிரும்.

முனையில நின்னா தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்க மட்டும் குளிக்கவே குளிக்காதீங்க, ரெண்டு கடலும் சேர்ற இடம், நீரோட்டம் இழுத்துட்டுப் போயிரும், நீச்சல் தெரியும்ங்கறது அங்க கணக்கே இல்ல. ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, தொப்பி, மார்கழியில இருந்து மாசிக்குள்ள. பொழுது சாயறதுக்கு முன்னாடி வெளிய வந்துரணும், இருட்டினப்புறம் உள்ள இருக்க விடமாட்டாங்க.

கேள்வி: அம்மாவுக்கு அறுபதுக்கு மேல ஆச்சு, முட்டி வலி, மணல்ல நடக்க முடியாது. ஆனா காடு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசைப்படுறாங்க. கீழக்கரையில இருந்து எங்க கூட்டிட்டுப் போகலாம்ணே?

பதில்: காரங்காடு கூட்டிட்டுப் போம்மா, தொண்டி போற வழியில. கடலோரச் சேத்துல வளர்ற அலையாத்திக் காடு, வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேர்ந்து படகு விடுறாங்க, அம்மா உக்காந்த இடத்துலயே காட்டுக்குள்ள போயிட்டு வந்துரலாம். சேத்துல இருந்து பென்சில் நட்டு வச்ச மாதிரி மேல நோக்கி நிக்கும் பாரு, அது எல்லாம் வேர்தான், சேத்துக்குள்ள காத்து இல்லாததால மூச்சு விட வெளிய வருது. அம்மாவை ஒரு இலையைத் தடவி நாக்குல வச்சுப் பாக்கச் சொல்லு, உப்பு கரிக்கும், மரம் குடிச்ச உப்பை இலை வழியா வெளிய தள்ளுது. தண்ணி ஏத்தமா இருக்கற நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கிட்டுப் போ, தண்ணி வத்துற நேரத்துல போனா படகு ரொம்ப தூரம் உள்ள போகாது.

கேள்வி: மன்னார் வளைகுடா தீவுகளுக்கு சொந்தக்காரங்க வள்ளத்துல போகலாமா?

பதில்: கூடாது தம்பி. 21 தீவும் 1986ல இருந்து தேசியப் பூங்கா, அனுமதி இல்லாம கால் வச்சா வழக்கு வரும், வள்ளக்காரருக்கும் சேர்த்து. பவளப்பாறை மேல ஒரு ஆள் நின்னாலே உடைஞ்சிரும், திரும்ப வளர எத்தனையோ வருஷம் ஆகும். பாம்பன் பக்கம் குந்துகாலில இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுது, அதுல போங்க.