காற்று மிகக் குறைவாக இருக்கும்போது டிங்கி (சிறிய பாய்மரப் படகு) ஓட்டப் பழகுவது வீணா? என் படகு மட்டும் நகர மாட்டேன் என்கிறதே?

வீணில்லை. ஆனால் முதல் சில வகுப்புகளுக்கு 6 முதல் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வரை காற்று கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். படகு ஓடினால்தான் ஆர்வம் ஒட்டும். அடிப்படை பிடிபட்ட அப்புறம், 2 அல்லது 3 நாட் காற்றில் (மணிக்குச் சுமார் 4 முதல் 5.5 கி.மீ.) பழகுவதைப் போல் வேறு எதுவும் கைப்பக்குவத்தைத் தராது என்பது என் கருத்து.

அதே காற்றில், அதே வகைப் படகில் பக்கத்தில் ஒருவர் உங்களைத் தாண்டிப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அதிகமாக எதுவும் செய்திருக்க மாட்டார். நீங்கள் செய்யும் பலவற்றை அவர் செய்யாமல் இருந்திருப்பார்.

காரணம் இதுதான். பாயின் மேல் விழும் விசை காற்றின் வேகத்துடைய வர்க்கத்தைப் பொறுத்தது. 9 நாட் காற்றில் கிடைக்கும் விசையில் 3 நாட்டில் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்குதான். நல்ல காற்றில் ஒரு தடவை சுக்கானை வெட்டி இழுத்து வேகத்தைக் கெடுத்தாலும் நொடியில் மீண்டுவிடலாம். இங்கே அதே வேகத்தை மீண்டும் சேர்க்க அரை நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் இன்னொரு முறை அசைத்திருப்பீர்கள். அதனால் எதைச் செய்யும் முன்பும் ஒரே கேள்விதான்: இது இருக்கிற வேகத்தைக் காக்குமா, தின்னுமா?

முதலில் உட்காரும் இடம். பெரும்பாலான டிங்கிகளின் பின்புறம் அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும். பின்னால் தள்ளி உட்கார்ந்தால் அது நீரில் அமிழ்ந்து, சுழலை இழுத்துக்கொண்டே வரும். பின்பக்கம் 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் முன்னால் நகருங்கள், நின்றுவிடும். படகின் நடுவில் நீருக்குள் இறங்கும் நடுப்பலகையை ஒட்டி, முழங்கால் மடக்கி உட்கார வேண்டியிருக்கும். வசதியான இருப்பு என்று பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம், படகைப் பாய் இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். காற்றுக்குப் பாயை உப்பவைக்கும் வலு இல்லாதபோது, பாயின் சொந்த எடையே அதைக் கீழே தொங்கவிட்டு வளைவைக் கொடுக்கும். நீரைத் தொடும் பரப்பும் பல படகுகளில் குறையும். சுக்கான் பிடியில் லேசான இழுப்பு கிடைப்பதால் படகு என்ன செய்கிறது என்று விரலுக்குத் தெரியும். விரலுக்கு என்று சொன்னது வேண்டுமென்றே. முழுக்கையால் பிடித்தால் உடம்பின் ஒவ்வொரு அசைவும் சுக்கானுக்குப் போய்விடும்.

புதிதாகப் பழகுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் பாய்க்கயிறு. படகு நகரவில்லை என்றதும் கை தானாகக் கயிற்றை இழுக்கும். இறுக்கினால் பாயின் பின்விளிம்பு மூடிக்கொள்ளும், காற்று வழுவிப் போக வழியின்றி நிற்கும். தளர்த்துங்கள். பூமை (பாயின் அடிவிளிம்போடு இருக்கும் கிடைக்கம்பு) கீழே இழுக்கும் கிக்கர் என்ற கயிற்றையும், பாயின் முன்விளிம்பை இழுக்கும் கயிற்றையும் தளர்த்திவிடுங்கள். பாயின் ஆழம் விஷயத்தில் மட்டும் பலரும் ஏமாறுவார்கள். காற்று குறைந்தால் பாய் தொப்பையாக இருக்க வேண்டும் என்று தோன்றும். 5, 6 நாட்டுக்கு அது சரி. 2 நாட்டில் சோம்பிய காற்றால் ஆழமான வளைவைச் சுற்றி வர முடியாது, பாதியிலேயே பிரிந்துவிடும். ஓரளவு தட்டையான பாயே அப்போது வேலை செய்யும். காற்றின் போக்கைக் காட்டப் பாயில் ஒட்டிய கம்பளி நூல் நனைந்தால் ஒட்டிக்கொண்டு அசையாது. வீட்டில் பழைய கேசட் கிடந்தால் அதன் நாடாவைத் துண்டாக்கிக் கட்டுங்கள், மூச்சுக்காற்றுக்கே ஆடும்.

காற்றை எதிர்த்துப் போகும்போது முகப்பை ரொம்பவும் காற்றை நோக்கித் திருப்பாதீர்கள். சில பாகை விலகிப் போனால் தூரம் கூடும்தான், ஆனால் படகு ஓடிக்கொண்டிருக்கும். காற்றின் போக்கிலேயே போகும்போதும் நேர்கோடு நஷ்டம். 3 நாட் காற்றில் 1.5 நாட் வேகத்தில் நேராகப் போனால் பாய் உணர்வது மீதி 1.5 நாட்தான். அதுவே காற்று பக்கவாட்டில் வர 2 நாட்டில் ஓடினால் பாய்க்கு 3.6 நாட் கிடைக்கும். ஓட்டமே காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் ஒரு பக்கம் சாய்வாகப் போய், பிறகு மறுபக்கம் சாய்வாகத் திரும்பிப் போவதே பெரும்பாலும் வேகமான வழி.

திரும்பும்போது சுக்கானை மெதுவாக, அகலமான வளைவில் கொண்டுபோங்கள். உடம்பின் எடையாலும் திருப்பலாம்: பாய்ப்பக்கம் சாய்த்தால் முகப்பு காற்றை நோக்கி வரும், எதிர்ப்பக்கம் சாய்த்தால் விலகும். சுக்கான் பிடியை ஏறக்குறைய விட்டுவிட்டு இதை மட்டும் ஒரு மணி நேரம் செய்து பாருங்கள். பாதித் திருப்பத்தில் காற்றுக்கு நேராக மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். பூமைக் கையால் வெளியே தள்ளிப் பிடியுங்கள், படகு பின்னோக்கி நகரும். அப்போது சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

சுக்கானை இருபுறமும் ஆட்டித் துழாவியும் படகை நகர்த்தலாம். பயிற்சியிலும் கரை சேரவும் தாராளமாகச் செய்யுங்கள். பந்தயத்தில் கூடாது; பாய்மரப் பந்தய விதிகளில் 42ஆவது விதி அதையும், பாயை விசிறிபோல் அடிப்பதையும், படகை மாறி மாறி உருட்டுவதையும் தடுக்கிறது.

கண் எப்போதும் தண்ணீரில் இருக்கட்டும். கண்ணாடி போன்ற இடத்தில் காற்றில்லை. மெல்லிய சுருக்கம் விழுந்து கருத்துத் தெரியும் இடத்தில் இருக்கிறது, அங்கே போங்கள்.

காற்றில்லாவிட்டால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். படகின் வேகம் 1 நாட், எதிரே நீரோட்டமும் 1 நாட் என்றால் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். காற்று செத்தால் பின்னால் போவீர்கள். கிளம்பும் முன் நீரோட்டத்தின் திசையைப் பார்த்து, முதலில் அதை எதிர்த்துப் போங்கள், திரும்பி வரும்போது அதுவே கொண்டுவிடும். மிதவைச் சட்டை, தண்ணீர், தொப்பி, ஒரு துடுப்பு எல்லாம் படகில் இருக்க வேண்டும். மெதுவாக ஓடும் நாளில்தான் வெயிலில் அதிக நேரம் இருப்பீர்கள்.