பழைய கமாரோவின் முன்பக்கம் அகலமான டயர் போட்டால் ஏன் உரசுகிறது?

1967-69 செவ்ரோலே கமாரோ போன்ற மசில் கார்களில் (பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க வேகக் கார்கள்) பின்னால் தாராளமாக ஏறும் டயர் முன்னால் ஏறாது. காரணம் எளிது: பின் சக்கரம் மேலும் கீழும்தான் போகும், முன் சக்கரம் அதோடு திரும்பவும் வேண்டும்.

கட்டில் போட்ட சின்ன அறையை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும் கதவு கட்டிலைத் தொடாது. திறக்கும்போதுதான் அதன் விளிம்பு போய் இடிக்கும். டயரும் அப்படித்தான். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் டயரின் ஒரு ஓரம் ஃபெண்டர் உதட்டையும் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பாடித் தகட்டின் விளிம்பு), இன்னொரு ஓரம் உள்ளே சேஸியையும் (வண்டியின் அடிச்சட்டம்) தேடிப் போகும்.

இங்கே தெரிந்திருக்க வேண்டிய சொல் பேக்ஸ்பேசிங். வீலானது ஹப்பில் (வீலை போல்ட் போட்டு மாட்டும் நடுப்பகுதி) உட்காரும் முகத்திலிருந்து வீலின் உள்விளிம்பு வரையுள்ள தூரம் அது. கூடினால் டயர் உள்ளே தள்ளிப்போகும், குறைந்தால் வெளியே பிதுங்கும். ஒரே 245 (மி.மீ. அகல) டயர் ஒரு வீலில் உரசாமலும் இன்னொன்றில் உரசியும் போவது இதனால்தான். வெளியே பிதுங்கினால் பள்ளங்களில் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் பார்க்கிங் செய்வதற்குள் தோள் கழன்றுவிடும்!

வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு வீலை மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். ஃபெண்டர் உதட்டின் உட்புறம் பெயின்ட் தேய்ந்து பளபளத்தால் ஏற்கெனவே உரசுகிறது என்று அர்த்தம்.

அப்புறம், "ஜாக்கியில் தூக்கிச் சுற்றினேன், எங்கேயும் தொடவில்லை" என்பார்கள். ஜாக்கியில் ஸ்பிரிங் தொங்கிக்கொண்டிருக்கும். வேகத்தடையில் அமுங்கும்போதுதான் ஃபெண்டர் டயரை எட்டும்.