காட்டேரிக்கு அரச சாட்சி: கடிதமும் பதிலும்

வணக்கம்.

உண்மைக் குற்றச் சம்பவங்களையும் பேய்க்கதைகளையும் சேர்த்து ஒரு யூடியூப் தொடர் செய்கிறோம். முதல் பகுதிக்கு 1725இல் சேர்பியாவின் கிசில்யேவோ கிராமத்தில் நடந்ததை எடுத்திருக்கிறோம். செத்துப் புதைத்த பீற்றர் ப்ளோகோயோவிற்ஸ் எழும்பி வந்து ஒன்பது பேரைக் கொன்றான் என்று ஒஸ்திரிய அரச அதிகாரியே நேரில் நின்று அறிக்கை எழுதியிருக்கிறார். இரத்தக் காட்டேரி என்று ஒன்று இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அந்த அதிகாரி பொய் எழுதினாரா? இரண்டாம் பகுதிக்கு, 2011இல் இலங்கையில் உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வந்ததாகப் பேசப்பட்ட கிறீஸ் பூதத்தை யோசிக்கிறோம். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

வ., கோண்டாவில்

அன்புள்ள வ.,

அவர் பொய் எழுதவில்லை. புதைத்த கிடங்கில் கண்டதை ஒழுங்காகத்தான் எழுதினார்.

ஃப்றோம்பால்ட் என்ற அந்த அதிகாரி சொல்வது இதுதான்: புதைத்துப் பத்துக் கிழமை. பிரேதத்தில் நாற்றமில்லை. மூக்கு மட்டும் கொஞ்சம் விழுந்திருந்தது. மயிர், தாடி, நகம் வளர்ந்திருந்தன. பழைய தோல் உரிந்து கீழே புதுத்தோல் தெரிந்தது. வாயில் இரத்தம். நெஞ்சில் கூர்த்தடி இறக்கியபோது காதாலும் வாயாலும் இரத்தம் வந்தது.

இதை எந்தச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டினாலும் புதினமாகப் பார்க்க மாட்டார். செத்தபிறகு குடலில் உள்ள பக்ரீரியா வாயுவை உண்டாக்கும். வயிறு ஊதும். அந்த அழுத்தம் நுரையீரலில் கிடக்கும் இரத்தம் கலந்த திரவத்தை மூக்காலும் வாயாலும் தள்ளும். உறைந்த இரத்தம் திரும்ப இளகிவிடுவதும் வழமை. ஊதிய உடம்பில் தடியை இறக்கினால் திரவமும் காற்றும் வெளியே பாயாமல் என்ன செய்யும்? காற்று குரல்வளை வழியாகப் போனால் முனகல்கூடக் கேட்கும். மேல்தோல் கழன்றால் கீழே சிவந்த உள்தோல் தெரியும், அதுதான் 'புதுத்தோல்'. நகம் வளர்வதில்லை. விரல்தோல் காய்ந்து பின்வாங்க, உள்ளே மறைந்திருந்த பகுதி வெளியே தெரிகிறது. தாடிக்கும் அதே காரணம்தான்.

பத்துக் கிழமைக்குப் பிறகும் எப்படி இந்த நிலை? சட்ட மருத்துவத்தில் காஸ்பரின் விதி என்று ஒரு பழைய கணக்கு உண்டு. வெளியில் ஒரு கிழமையில் நடக்கும் அழுகல் தண்ணீரில் இரண்டு கிழமையும் மண்ணுக்குள் எட்டுக் கிழமையும் எடுக்கும். அண்ணளவான கணக்குத்தான், வெப்பம், ஈரம், கிடங்கின் ஆழம் எல்லாம் அதை மாற்றும். ஆனாலும் மண்ணுக்குள் பத்துக் கிழமை என்பது வெளியில் ஒரு கிழமைக்குக் கொஞ்சம் மேல்தான்.

எங்கள் ஊரில் சைவர் வீடுகளில் பெரும்பாலும் ஓரிரு நாளில் எரித்துவிடுகிறோம். வைத்திருப்பதென்றால் மலர்ச்சாலைக்காரர் எம்பாம் பண்ணிவிடுவார். கிடங்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. எங்கள் முனியும் மோகினியும் கொள்ளிவாய்ப் பேயும் பிரேதத்தோடு எழும்பி வராமல் புளியிலும் ஆலிலும் வெளியிலும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

செத்தவன் இரவில் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தான் என்று கிசில்யேவோ நோயாளிகள் சொன்னதும் அவர்கள் உணர்ந்ததுதான். மூளை விழித்தும் தசைகள் கனவுத் தூக்கத்தின் கட்டிலிருந்து விடுபடாத அந்தச் சில விநாடிகளில் நெஞ்சில் யாரோ ஏறி இருப்பதுபோல இருக்கும். பேய் அமுக்குது என்று நாங்கள் சொல்வதும் இதைத்தான். எட்டு நாளில் ஒன்பது பேர், ஒவ்வொருவரும் ஒருநாள் வருத்தத்தோடு செத்தார்கள். அது ஊருக்குள் நோய் புகுந்ததன் அடையாளம்.

அறிக்கையின் கடைசிப் பகுதியைக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள். பெல்கிறேட்டில் இருந்து அனுமதி வரட்டும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அதுவரைக்கும் பொறுக்க மாட்டோம், ஊரைவிட்டே போய்விடுவோம் என்றார்கள் சனங்கள். இதில் பிழை நடந்திருந்தால் பயத்தில் நிலைகுலைந்த அந்தச் சனங்களைச் சாரும், என்னை அல்ல என்று அவரே எழுதி முடித்திருக்கிறார். அவருடைய கையெழுத்து உடம்பின் நிலைக்குச் சாட்சி. ஒன்பது கொலைக்கு அல்ல.

உங்கள் எழுத்துப் பிரதியிலும் இதையே செய்யுங்கள். ஒரு தாளில் மூன்று நிரல் போட்டு, அதிகாரி கண்டதை ஒன்றில், மற்றவர் சொல்லக் கேட்டதை அடுத்ததில், அவர்கள் முடிவாக எடுத்ததை மூன்றாவதில் எழுதுங்கள். காட்டேரி மூன்றாவது நிரலில் மட்டும்தான் நிற்கும்.

1892இல் அமெரிக்காவின் றோட் ஐலண்டில் நடந்ததற்கும் இந்தத் தாள் பொருந்தும். மேர்சி பிறவுண் 19 வயதில் சயரோகத்தால் தை மாதம் செத்தாள். செத்தவர்களில் ஒருவர்தான் வீட்டாரை வருத்துகிறார் என்று சந்தேகித்து, பங்குனியில் பிரேதத்தைத் திறந்தபோது இதயத்தில் இரத்தம் இருந்தது. பல வருடத்துக்கு முன் புதைத்த தாயும் தமக்கையும் பெரும்பாலும் எலும்பாகியிருந்தார்கள். இரண்டு மாதமும் கடுங்குளிரில், நிலத்துக்கு மேல் கல்லறையில் கிடந்த உடம்பு அது. நிலை இயற்கையானதே என்று அங்கே நின்ற டொக்டரும் சொன்னார். சனம் கேட்கவில்லை. இதயத்தை எரித்து அந்தச் சாம்பலை வருத்தக்கார அண்ணன் எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அவனும் செத்தான். சயரோகக் கிருமியை றொபேட் கோக் கண்டுபிடித்துப் பத்து வருடமாகியிருந்தது.

கிறீஸ் பூதத்தை இவற்றோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். 2011 ஆவணியில் சனம் கண்டது இரவில் வளவுக்குள் வந்த ஆட்களை. 'பூதம்' என்ற பெயர் ஒட்டியதும், யார் அவர்கள், எங்கிருந்து வந்தார்கள் என்ற பொலிஸ் கேள்வி பகிடிபோல ஆகிவிட்டது. புத்தளத்தில் கூட்டம் ஒரு பொலிஸ்காரரைக் கொன்றது. யாழ்ப்பாணத்து நாவாந்துறையில், துரத்தப்பட்டவர்கள் இராணுவ முகாமுக்குள் ஓடினார்கள் என்று சனம் சொன்னது. அன்றிரவே நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் அடித்துப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் இப்போதும் அதே ஊரில் இருக்கிறார்கள். அந்தப் பகுதிக்குப் பேய்ப்படச் சத்தமும் கறுப்பு முகமூடி நடிகரும் போடவேண்டாம். அடிபட்டவர்களின் பெயரையும் முகத்தையும் அவர்கள் சம்மதித்தால் மட்டும் காட்டுங்கள்.