ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்ட்: கழுத்துத் தசையின் பெயர் பற்றிக் கேள்வி பதில்

கே: சார், பிசியோதெரபி முதலாமாண்டு படிக்கிறேன். இந்தப் பெயர் வாயில் நுழையவே மாட்டேன் என்கிறது. எத்தனை அசை?

ப: ஆறு. ஸ்டெர்-னோ-க்ளை-டோ-மாஸ்-டாய்ட். அழுத்தம் 'மாஸ்' மீது. முன்னால் ஓர் 'இ', கடைசியில் ஓர் 'உ' சேர்த்து 'இஸ்டெர்னோ...டாய்டு' என்று எட்டாக்கிவிடாதீர்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மாட்டிக்கொள்வது இதில்தான்.

கே: பெயருக்கு என்ன பொருள்?

ப: எல்லாம் கிரேக்கம். ஸ்டெர்னான் என்றால் நெஞ்சு, க்ளெய்ஸ் என்றால் சாவி, மாஸ்டாய்ட் என்றால் முலை வடிவானது. காதுக்குப் பின்னால் தடவினால் தட்டுப்படும் எலும்பு முண்டுக்குத்தான் அந்தக் கடைசிப் பெயர். சாவி என்பது காறை எலும்பு, கழுத்தடியிலிருந்து தோள் வரை போவது. லத்தீன்காரரும் அதற்குக் 'குட்டிச் சாவி' என்றே பெயர் வைத்தார்கள், க்ளாவிகுலா. ஆக, நெஞ்செலும்பிலும் காறை எலும்பிலும் தொடங்கிக் காதுக்குப் பின்னால் முடியும் தசை. தொடக்கமும் முடிவும் பெயரிலேயே இருக்கின்றன, தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். கண்ணாடி முன் நின்று முகத்தை இடப்பக்கம் திருப்புங்கள். புடைப்பது வலப்பக்கத் தசை. கீழே அது இரண்டாகப் பிரியும் இடத்தில் விரல் வைத்தால் சின்னப் பள்ளம் தெரியும்.

கே: எங்கள் பேராசிரியர் 'க்ளீடோ' என்கிறார். இன்றைய கிரேக்கத்திலும் சாவிக்கு 'க்ளிதி' என்றுதானே சொல்கிறார்கள்?

ப: சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நாம் பேசுவது ஆங்கிலச் சொல். ஆங்கில அகராதிகள் தருவது 'க்ளை'. இன்றைய கிரேக்க உச்சரிப்புதான் வேண்டுமென்றால் மற்ற துண்டுகளையும் அப்படியே சொல்ல வேண்டும், நடுவில் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது.

கே: அதே பேராசிரியரின் மாணவன். தேர்வில் எதைச் சொல்வது?

ப: அவர் தேர்வாளர் என்றால் 'க்ளீ'. வெளியே வந்ததும் 'க்ளை'.

கே: யாப்புப்படி அசை பிரித்தால் கணக்கு மாறாதா ஐயா?

ப: நல்ல கேள்வி. யாப்பின் நிரையசையில் இரண்டு உயிரொலி அடங்கும். 'மருந்து' யாப்பில் இரண்டு அசை, ஆங்கிலக் கணக்கில் மூன்று. இங்கே நான் எண்ணுவது உயிரொலிகளை.

கே: டாக்டர், கழுத்தில் அந்த இடத்தில் கட்டி மாதிரி இருக்கிறது.

ப: நேரில் மருத்துவரிடம் காட்டுங்கள். இங்கே சொல் மட்டும்தான்.

கே: எத்தனை அசை சார்?

ப: ஆறு. முதல் பதிலைப் பாருங்கள். கடைசியில் 'டு' வேண்டாம்.