படகு வரிசையில் மட்டும் மக்கர் செய்யும் கிளட்ச்

கேள்வி: என்னுடையது பழைய எல்எம்எல் என்வி, 150 சிசி, டூ-ஸ்ட்ரோக். கோவையிலிருந்து பழைய ஸ்கூட்டர்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கொச்சி போனோம். நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை. ஃபோர்ட் கொச்சியில் வைப்பின் தீவுக்கு வண்டிகளை ஏற்றிப் போகும் ரோ-ரோ படகுக்கு வரிசையில் நின்றபோதுதான் தகராறு. லீவரை முழுக்கப் பிடித்தும் வண்டி முன்னே இழுத்தது, நியூட்ரல் விழவில்லை, படகில் ஏறும் சரிவில் இரண்டு தடவை ஆஃப் ஆனது. 'கிளட்ச் செட்டையே மாத்தணும்' என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கிளட்ச் கோளாறில் இரண்டு வகை உண்டு. ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடியது என்கிறீர்கள், ஆகவே உங்களுடையது அது இல்லை. லீவரைப் பிடித்தும் பிளேட்கள் முழுதாகப் பிரியாமல் ஒட்டி இழுக்கும் வகை இது. இதற்குப் பெரும்பாலும் கிளட்ச் வயரும் ஓட்டும் பழக்கமுமே காரணம்.

படகு வரிசையில் நடப்பதைப் பாருங்கள். முதல் கியரைப் போட்டு, லீவரைப் பிடித்தபடியே பத்து நிமிடம் நிற்கிறோம். ஒவ்வொரு வண்டி நகரும்போதும் அரை கிளட்சில், அதாவது லீவரைப் பாதி விட்டபடி, இரண்டடி ஊர்கிறோம். பிளேட்கள் உரசிச் சூடேறி விரிய, அவற்றுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறைகிறது. வயர் கொஞ்சம் தொய்ந்திருந்தால்கூட அப்போதுதான் குட்டு வெளிப்படும். லீவரைப் பிடித்தே நிற்பதால் கிளட்ச் கவருக்குள் பிரஷர் பிளேட்டை அழுத்தும் பட்டனும் தேயும். அது தேயத் தேய, பிளேட் பிரியும் தூரமும் குறையும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தரையில் படாமல் நிறுத்தி, லீவரைப் பிடித்து முதல் கியர் போடுங்கள். சக்கரம் மெதுவாகச் சுழன்றால் பயமில்லை, ஆயிலின் இழுப்பு அது. பின் பிரேக்கை லேசாக அழுத்திச் சக்கரத்தை நிறுத்துங்கள். எஞ்சின் திணறி அணைந்தால் கிளட்ச் பிரியவில்லை.

அடுத்து வயர். லீவரை இழுக்கத் தொடங்கும்போது 2 மி.மீ. அளவுக்குத் தளர்ச்சி இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். அதிகம் இருந்தால் எஞ்சின் அடியில் உள்ள அட்ஜஸ்டரின் லாக் நட்டைத் தளர்த்தி, சரிசெய்து, மறுபடி இறுக்குங்கள். தளர்ச்சியே இல்லாமல் இறுக்கினால் இப்போது சரியாகத் தெரியும், கொஞ்ச நாளில் வழுக்கத் தொடங்கிவிடும். ஹேண்டிலில் நிப்பிள் (வயர் நுனியில் இருக்கும் உலோகக் குமிழ்) உட்காரும் இடத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் வயரை மாற்றிவிடுங்கள். அவுட்டர் (வயரின் மேலுறை) துருப்பிடித்தோ மடங்கியோ இருந்தால் இன்னர் (உள் கம்பி) மட்டும் போட்டுப் பலனில்லை. பயணத்தில் ஒரு இன்னர் வயரும் ஸ்க்ரூ வைத்து இறுக்கும் ஒரு நிப்பிளும் கூடவே இருக்கட்டும்.

கியர் ஆயிலையும் மாற்றுங்கள்: எஸ்ஏஇ 30, 250 மி.லி. இந்த கிளட்ச் அந்த ஆயிலில்தான் ஊறிக் கிடக்கிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் நல்ல பிளேட்டும் வழுக்கும்.

இனி வரிசையில் நியூட்ரலில் நில்லுங்கள், லீவரை விட்டுவிடுங்கள். முன்வண்டி படகுத் தளத்தில் ஏறி முடியும்வரை சரிவில் கால் வைக்காதீர்கள். சரிவின் நடுவே நிற்க நேர்ந்தால் பிரேக்கில் நில்லுங்கள், அரை கிளட்சில் தாங்கிப் பிடிக்காதீர்கள். கூட்டமாகப் போகும்போது கியர் இல்லாத வண்டிக்காரரை முன்னால் விடாதீர்கள். அவருக்கு ஊர்ந்து போவது சுலபம், பின்னால் வரும் கியர் வண்டிகளுக்குத்தான் கிளட்ச் கருகும். படகில் ஏறியதும் எஞ்சினை அணைத்து முதல் கியரில் விடுங்கள், முன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இழுத்தால் கிளட்சைத் திறக்கலாம்.

கேள்வி: மாற்றியே ஆக வேண்டும் என்றால் எதையெல்லாம் வாங்குவது?

பதில்: கார்க் பதித்த உரசும் பிளேட்டை மட்டும் வாங்காதீர்கள். அவற்றுக்கு நடுவே இருக்கும் ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ நீலம் பாய்ந்திருந்தாலோ அதுவும் போக வேண்டும். கூடவே ஸ்பிரிங் செட், பட்டன், லாக் வாஷர், கவரின் ஓ-ரிங். புது கார்க் பிளேட்களை முதல் நாள் இரவே கியர் ஆயிலில் ஊறப் போடுங்கள். காய்ந்தபடி மாட்டினால் ஒட்டிக்கொண்டு இழுக்கும்.

நடுவிலிருக்கும் பல் வெட்டிய நட்டைக் கழற்ற அதற்கென்றே சாக்கெட் இருக்கிறது. உளியையும் சுத்தியலையும் எடுக்கும் கடையென்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள். அடித்து இறுக்கிய நட் தளர்ந்தால் உள்ளே கிளட்சைத் தண்டோடு பிணைக்கும் அரைவட்டச் சாவி (சிறு உலோகத் துண்டு) வெட்டுப்பட்டு, வண்டி நடுவழியில் நிற்கும்.

கேள்வி: முழு செட் மாற்றிய ஒரே வாரத்தில் பழையபடி இழுக்கிறது. கடைக்காரர் கைவிரிக்கிறார். பில் இல்லை.

பதில்: பில் இல்லாதது பலவீனம்தான், ஆனாலும் யுபிஐ மூலம் பணம் அனுப்பிய விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் சான்றாகும். முதலில் எழுத்தில் கேளுங்கள், பழைய பாகங்களையும் திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் வேறொரு மெக்கானிக்கிடம் கவரைத் திறந்து, உள்ளே புது பிளேட்தான் இருக்கிறதா என்று பார்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.