14-ஆம் வரியில் தப்பே இல்லையே, அண்ணே!

சனிக்கிழமை மாலைகளில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிக் கணினி புரோகிராம் எழுதும் சி மொழியைப் பழகுகிறோம். சிலர் இன்னும் தோட்டத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள், சிலர் டவுனைச் சுற்றியுள்ள தாமான்களிலிருந்து. நானும் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன்தான். இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்குச் சி-யில் எழுதுவது வேலை. இரண்டு மணி நேரம் எல்லாருக்கும் போதவில்லை என்பதால் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போடச் சொன்னேன். இந்த மாதம் வந்தவற்றுக்கு இங்கே பதில்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாதிச் சீட்டுகள் "எரர் வருது அண்ணே" என்பதோடு முடிந்துவிடுகின்றன. திரையில் திட்டு விழுந்தால், திட்டுவது யார் என்று பாருங்கள். கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் விண்டோவா, நீங்கள் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரா, மாற்றிய துண்டுகளை ஒன்றாக ஒட்டும் லிங்கரா, ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் புரோகிராமா? நாலு பேரும் ஒரே கறுப்புத் திரையில் பேசுவதால் ஒரே ஆள் மாதிரி தெரிகிறது. ஆள் யார் என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

படிவம் 5 மாணவி: 14-ஆம் வரியில் தப்பு என்கிறது. அந்த வரியைப் பத்துத் தடவை பார்த்துவிட்டேன். தப்பே இல்லையே, அண்ணே! அதோடு மொத்தம் 23 எரர்.

14-இல் தப்பு இல்லைதான், தங்கச்சி. 13-ஆம் வரியின் கடைசியில் செமிகோலன் இல்லை. சி மொழிக்கு வரி முடிந்தால் வாக்கியம் முடிந்தது என்று அர்த்தமில்லை, செமிகோலன் வந்தால்தான் முடியும். ஆகவே கம்பைலர் 13-ஐத் தாண்டி 14-இன் முதல் சொல்லைப் படித்த பிறகுதான் "இது இங்கே வரக்கூடாதே" என்று விழிக்கிறது. நாம் பயன்படுத்தும் கம்பைலரான ஜிசிசியின் புதிய பதிப்பு ஓரளவு கெட்டிக்காரத்தனமாக 13-இன் முடிவையே காட்டும். பள்ளிக் கணினியில் இருப்பது பழையது போல.

23 எரர் என்று பயப்பட வேண்டாம். முதலாவதை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் செய்யுங்கள். மற்றவை பெரும்பாலும் அந்த ஒன்றின் எதிரொலி. நீங்கள் 23-ஐயும் வரிசையாகத் திருத்தப் போய், சரியாக இருந்த இரண்டு வரிகளையும் கெடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன். கோப்பின் கடைசி வரியில் தப்பு என்று சொன்னால் மட்டும் அங்கே பார்க்காதீர்கள். எங்கோ நடுவில் திறந்த ஒரு அடைப்பை மூட மறந்திருப்பீர்கள்.

கணினிக் கடையில் பகுதி நேரம் வேலை செய்பவர்: ஜிசிசி போட்டாச்சு. ஆனால் 'ஜிசிசி' என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது.

இது கமாண்ட் விண்டோ பேசுவது. கம்பைலர் இன்னும் வாயே திறக்கவில்லை. எந்தெந்த ஃபோல்டரில் கட்டளைகளைத் தேட வேண்டும் என்று விண்டோஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதற்குப் 'பாத்' என்று பெயர். ஜிசிசி இருக்கும் 'பின்' ஃபோல்டரை அதில் சேருங்கள். நீங்கள் சேர்த்துவிட்டதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்புறம் அந்தக் கறுப்பு விண்டோவை மூடித் திறந்தீர்களா? ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவுக்குப் புதுப் பட்டியல் தெரியாது.

அதே நபர், அதே சீட்டின் பின்பக்கம்: புரோகிராமை இரண்டு தடவை கிளிக் செய்தால் மின்னல் மாதிரி வந்து மறைகிறது.

அது ஓடி முடிந்துவிட்டது, வேலை முடிந்ததும் விண்டோஸ் விண்டோவை மூடிவிட்டது. கமாண்ட் விண்டோவைத் திறந்து அந்த ஃபோல்டருக்குப் போய்ப் பெயரை அடித்து ஓட்டுங்கள்.

தோட்ட அலுவலகத்தில் கிராணி: தம்பி, ஆள்களின் சம்பளக் கணக்கை எழுதிப் பழகுகிறேன். 850 கிலோ குலையை டன்னாக மாற்றினால் 0 வருகிறது. இன்னொரு இடத்தில் 4 வெள்ளி 35 காசைக் காசாக மாற்றினால் 434 வருகிறது. ஒரு காசு எங்கே போனது?

ஐயா, இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். சீட்டைப் பார்த்ததும் என் அப்பா ஞாபகம் வந்தது. ஒரு காசு குறைந்தாலும் சம்பள நாளன்று அலுவலக வாசலை விட்டு நகரமாட்டார்.

முதலில் அந்த 0. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி மொழி முழு எண்ணைத்தான் தரும். 850-ஐ 1000-ஆல் வகுத்தால் 0, 1999-ஐ வகுத்தால் 1. மீதியைப் பேசாமல் கீழே போட்டுவிடும், கம்பைலரும் கண்டுகொள்ளாது, ஏனென்றால் மொழியின் விதியே அதுதான். 1000 என்பதை 1000.0 என்று எழுதினால் தசமம் வரும். விடையைத் தசம எண் கொள்ளும் 'டபுள்' மாறியில் (மாறி என்பது மதிப்பை வைக்கும் பெட்டி) வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, வகுத்து 0 ஆன பிறகுதான் அது மாறிக்குள் போகிறது. வருகை விழுக்காடு கணக்கிடுகிறவர்களும் இதில்தான் விழுகிறார்கள்: 45 / 60 * 100 என்றால் 0. 45 * 100 / 60 என்றால் 75.

அடுத்தது காணாமல் போன காசு. கணினி தசமங்களை இரண்டின் அடுக்குகளாக வைக்கிறது. பத்தை மூன்றால் வகுத்தால் நம் கணக்கில் 3.333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா, அதே மாதிரி 4.35 என்ற எண் இரண்டின் கணக்கில் முடிவதில்லை. மிக நெருக்கமான ஒன்றை வைத்துக்கொள்கிறது. அதை 100-ஆல் பெருக்கினால் 434.99999999999994. முழு எண்ணாக மாற்றும்போது சி பக்கத்து எண்ணுக்கு ஏற்றாது, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடும். ஆகவே 434.

வழி எளிது. பணத்தைத் தசமத்தில் வைக்கவே வைக்காதீர்கள். ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் காசில், முழு எண்ணாக வையுங்கள்: 435. அச்சிடும்போது 100-ஆல் வகுத்தது வெள்ளி, % குறியில் வரும் மீதி காசு. மீதி 5 என்றால் 05 என்று அச்சாக வேண்டும், இல்லையென்றால் 4.05 என்பது 4.5 ஆகிவிடும். ரொக்கமாகக் கொடுக்கிறீர்கள் என்றால் 2008 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் ரொக்கத் தொகையை 5 காசுக்குச் சீராக்குகிறோம். முழு எண்ணாக இருந்தால் அதுவும் ஒரே வரி: மொத்தத்தோடு 2-ஐக் கூட்டி, 5-ஆல் வகுத்து, 5-ஆல் பெருக்குங்கள். 102 என்பது 100 ஆகும், 103 என்பது 105. முதலில் உங்களைக் கெடுத்த அதே மீதியை வெட்டும் குணம் இங்கே உங்களுக்கு வேலை செய்கிறது.

பாலிடெக்னிக் மாணவர், முதல் ஆண்டு: 'மேத்' ஹெடரைச் சேர்த்துவிட்டேன். இருந்தும் வர்க்கமூலச் செயல்பாடு 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்கிறது.

பேசுவது லிங்கர். தோட்டத்தில் காய்க் குலை வெட்டினால் மண்டோர் அங்கேயே ஒதுக்கிவிடுவார், அது கம்பைலரின் வேலை. குலையெல்லாம் சரி, லோரி ஆலைக்குப் போய்விட்டது, அங்கே சீட்டைப் பார்த்து "இன்னொரு லோடு எங்கே?" என்று கேட்டால் அது லிங்கர். ஹெடர் வெறும் சீட்டு. அப்படி ஒரு செயல்பாடு உண்டு என்று சொல்லுமே தவிர, செயல்பாடு அதற்குள் இல்லை. லினக்ஸில் கட்டளையின் கடைசியில் கணித நூலகத்தைச் சேருங்கள்: சிறிய 'எல்', ஒட்டி 'எம்', முன்னால் ஒரு சிறு கோடு (-). கோப்புப் பெயருக்குப் பின்னால்தான் வர வேண்டும், முன்னால் வந்தால் சில கணினிகளில் பலிக்காது.

நீங்களே எழுதிய செயல்பாட்டுக்கு இதே எரர் வந்தால், அது இருக்கும் இரண்டாவது கோப்பைக் கட்டளையில் குறிப்பிட மறந்திருப்பீர்கள். விண்டோஸில் 'வின்மெயின்' காணோம் என்று வந்தால், புரோகிராம் தொடங்கும் இடமான 'மெயின்' என்பதை எழுத்துப்பிழையோடு எழுதியிருப்பீர்கள், அல்லது கோப்பைச் சேமிக்காமலே கம்பைல் செய்திருப்பீர்கள். போன வாரம் மூன்று பேருக்கு இரண்டாவதுதான்.

வேறொருவர், பெயரும் இல்லை, விவரமும் இல்லை: வயது கேட்கிறது. அடுத்து ஓர் எழுத்து கேட்கிறது. ஆனால் எனக்காகக் காத்திருக்காமல் தாண்டிப் போய்விடுகிறது.

வயதை அடித்து என்டர் தட்டினீர்கள் அல்லவா? நீங்கள் அடிப்பதை வாசிக்கும் ஸ்கேன்எஃப் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது, என்டர் வாசலிலேயே நிற்கிறது. அடுத்த ஸ்கேன்எஃப் அந்த என்டரையே உங்கள் எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது ஸ்கேன்எஃப்பில் % குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி விடுங்கள், போதும்.

பாலிடெக்னிக் மாணவர், இறுதி ஆண்டு: நான் எழுதிய கோடு (நிரல்) நண்பனின் லேப்டாப்பில் ஓடுகிறது. என்னுடையதில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. லேப்டாப் கோளாறா?

லேப்டாப் பாவம். கோடைப் பார்த்தேன். 12 மாத மழை அளவுக்கு 12 இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள், சுற்று 1-இலிருந்து 12 வரை ஓடுகிறது. சி-யில் 12 இடம் என்றால் 0-இலிருந்து 11. நீங்கள் முதல் வீட்டைப் பூட்டிவிட்டு, லயத்தில் இல்லாத பதின்மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். சி மொழி இதைத் தடுக்காது. அங்கே என்ன இருக்கிறதோ அதன் மேல் எழுதிவிடும். சில நேரம் வெறும் இடம், ஒன்றும் ஆகாது. சில நேரம் பக்கத்து மாறி, அதன் மதிப்பு மாறிப் போகும். இன்னும் எட்டத்தில் போய் விழுந்தால், உங்களுக்குச் சொந்தமில்லாத நினைவகம் என்று இயங்குதளமே புரோகிராமைக் கொன்றுவிடும், அதுதான் 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. விண்டோஸில் பல நேரம் ஒரு வார்த்தைகூட வராமல் அப்படியே நின்றுவிடும். உங்கள் நண்பனின் லேப்டாப்பில் ஓடுவது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. மொத்த மழையைக் கூட்டும் மாறிக்கு முதலில் 0 கொடுக்கவில்லை. செயல்பாட்டுக்குள் அறிவிக்கும் மாறியைச் சி மொழி துடைத்துத் தராது. அங்கே முன்பு என்ன கிடந்ததோ அதோடு கூட்டத் தொடங்குவீர்கள்.

இதைக் கண்ணால் தேடாதீர்கள். முக்கியமான எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் 'டபிள்யூ-ஆல்' சுவிட்சைக் கம்பைல் கட்டளையில் எப்போதும் போடுங்கள். அது இல்லாமல் எனக்குக் கோடு காட்டவே வேண்டாம். லினக்ஸில் 'சானிடைஸ் அட்ரஸ்' சுவிட்சையும், கூடவே 'ஜி' சுவிட்சையும் சேர்த்து ஓட்டினால் எந்த வரியில் எல்லை தாண்டினீர்கள் என்று அதுவே எழுதிக் காட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பலகை நாளுக்கு ஒரு தடவை தானாகவே ரீசெட் ஆகும். மூன்று நாள் மின்சாரத்தைச் சந்தேகித்தேன். கடைசியில், எட்டு எழுத்துப் பெயருக்கு எட்டே இடம் கொடுத்திருந்தேன். முடிவைக் குறிக்கும் பூஜ்யத்துக்கு ஒன்பதாவது இடம் வேண்டும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: மாணவர் பெயரைத் தமிழில் அச்சிட்டால் கோணல் மாணலாக வருகிறது. "அம்மா" என்ற சொல்லின் நீளம் 15 என்கிறது!

டீச்சர், 15 சரிதான். 'ஸ்டிரிங் லென்' எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. அம்மா என்பது யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஐந்து மூன்று பதினைந்து. ஆகவே பெயருக்கு 20 இடம் ஒதுக்கினால் ஆறு குறிகள்தான் கொள்ளும், நம் வகுப்பில் பாதிப் பேருக்குப் பற்றாது. 200 ஒதுக்குங்கள்.

விண்டோஸ் கறுப்பு விண்டோவில் 'சிஹெச்சிபி 65001' என்று அடித்த பிறகு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கொம்பும் காலும் சரியாக ஒட்டாமல் நிற்கலாம், அது அந்த விண்டோவின் குறை, உங்கள் கோடு சரி. கோப்பில் எழுதி நோட்பேடில் திறந்தால் ஒழுங்காகத் தெரியும்.

லோரி ஓட்டுநர், மகனுக்காகக் கேட்கிறார்: அண்ணன் காலத்துப் பழைய டர்போ சி புத்தகம்தான் வீட்டில் இருக்கு. லேப்டாப் இல்லை, கைப்பேசிதான். பழக முடியுமா?

முடியும் அண்ணே. ஆண்ட்ராய்டு என்றால் 'டெர்மக்ஸ்' செயலியில் 'கிளாங்' என்ற கம்பைலரைப் போடலாம், காசு இல்லை. கோப்பை டெர்மக்ஸின் சொந்த ஃபோல்டரிலேயே வைக்கச் சொல்லுங்கள். டவுன்லோட் ஃபோல்டரில் வைத்து ஓட்டினால் அனுமதி இல்லை என்று சொல்லும், ஆண்ட்ராய்டு அங்கிருந்து எதையும் ஓட விடாது.

புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், சுற்றும் நிபந்தனையும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். 'கோனியோ' ஹெடரும் திரையைத் துடைக்கும் 'கிளியர் ஸ்கிரீன்' கட்டளையும் விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்தவை, அந்த வரிகளை எடுத்துவிடலாம். ஹெடர் சேர்க்காமலே செயல்பாடுகளை அழைத்திருக்கும் பக்கங்களும் அதில் இருக்கும். முன்பெல்லாம் ஜிசிசி எச்சரித்துவிட்டு விட்டுவிடும். 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து அதை எரராகவே நிறுத்துகிறது. பையனைச் சனிக்கிழமை அந்தக் கைப்பேசியோடு அனுப்புங்கள். சின்னக் கீபோர்டு ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, எடுத்து வருகிறேன்.