யாப்பும் யாக்கையும்

கேள்வி: செய்யுள் இலக்கணத்தை யாப்பு என்கிறோம், உடம்பை யாக்கை என்கிறோம். இரண்டு சொல்லுக்கும் உறவு உண்டா?
(கல்லூரி மாணவி, கோவில்பட்டி)

பதில்: ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அம்மா. 'யாத்தல்' என்றால் கட்டுதல். எலும்பு, நரம்பு, தசை, தோல் எல்லாம் சேர்த்துக் கட்டியது யாக்கை. எழுத்தும், எழுத்துகள் சேர்ந்த அசையும், அசைகள் சேர்ந்த சீரும் சேர்த்துக் கட்டியது யாப்பு. பலவகைத் தாதுக்களால் ஆன உடல் உயிருக்கு இடமாவதுபோல், பல சொற்களால் ஆகிப் பொருளுக்கு இடமாவது செய்யுள் என்கிறது நன்னூல். அந்தச் சூத்திரம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

சொல் முதலில் நிற்கும் 'யா' பல இடங்களில் 'ஆ' ஆகிவிடும். யாறு ஆறானது, யாண்டு ஆண்டானது. அப்படித்தான் அப்பர் "ஆக்கையாற் பயனென்" என்று பாடினார்.

காதலர் இருவருக்கு நடுவே உண்டான அன்புப் பிணைப்பையும் வள்ளுவர் யாப்பு என்றே சொல்கிறார்: "நோக்கினாள் நோக்கி இறைஞ்சினாள் அஃதவள் யாப்பினுள் அட்டிய நீர்." அவள் பார்த்ததும், பார்த்துத் தலை குனிந்ததும் அந்த அன்புக்கு வார்த்த தண்ணீராம்!

அப்புறம், செய்யுளில் வரும் இன்னொரு கட்டு, தளை. நான் உடன்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் இலக்கண வகுப்புக்கு முன்பே தெரியும். பனையேறுகிறவர் இரண்டு பாதங்களையும் சேர்த்து ஒரு நார் வளையத்தை மாட்டிக்கொள்வார். அதுதான் தளை. கை மரத்தை அணைக்கும், தளை மாட்டிய பாதம் மரத்தைக் கவ்வும், ஆள் மேலே எம்புவார். பாதங்கள் விலகாமல் காப்பது அந்த நார்தான்.

செய்யுளில் ஒரு சீரின் கடைசி அசையையும் அடுத்த சீரின் முதல் அசையையும் பிணைப்பது தளை. "அகர முதல எழுத்தெல்லாம்" என்பதில் 'அகர' மாச்சீர்; அதாவது அக, ர என்று இரண்டு அசையாகப் பிரிந்து, குறிலோ நெடிலோ தனியே நிற்கும் நேரசையில் முடிகிற சீர். குறள் வெண்பா ஆகையால், அதன் பின்னால், ஒரு குறிலும் அடுத்து ஒரு குறிலோ நெடிலோ சேர்ந்த நிரையசைதான் வரவேண்டும். 'முத' என்று வருகிறது, சரி.

தேர்வுக்கு 'மாமுன் நிரை' என்று உருப்போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். முதல என்ற இடத்தில் ஆதி என்று போட்டு, "அகர ஆதி எழுத்தெல்லாம்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தளை தட்டுவதைக் காதே சொல்லிவிடும்.